இருபது நிமிட சைக்கிள் தூரம்

முதல் நாள், வியாழன்

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் மாமா சட்டையை இன் பண்ணிக்கொண்டு நிற்கிறார். வயது 75. டாக்சி பிடிக்கலாமே என்றேன். "டாக்சி எதுக்கு, ரயில் இருக்குல்ல?" என்று என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு இடத்தில் மாறி மாமா குடியிருக்கும் ஈசூன் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது.

வந்தது மாமா மகளின் வளைகாப்புக்கு. கூடவே எனக்கென்று ஒரு வேலையும் வைத்திருக்கிறேன். சென்னையில் ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்துப் புறநகருக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களோடு 14 வருடமாக வேலை பார்க்கிறேன். ரேஷன் கார்டு மாற்றம், பிள்ளைகளின் டி.சி., ஓடாத லிஃப்ட், வராத பஸ், இதுதான் என் பிழைப்பு. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கோட்டு போட்ட ஒருவர் எழுந்து "சிங்கப்பூரைப் பாருங்கள்" என்பார். சரி, ஒரு தடவை பார்த்துவிடுவோம்.

மாமாவின் வீடு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அரசின் வீடு கட்டும் அமைப்பு) கட்டிய புளோக்கில் ஏழாவது மாடி. நாலறை வீடு என்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் படுக்கையறை மூன்றுதான். இங்கே கூடத்தையும் ஓர் அறையாகக் கணக்கு வைப்பார்களாம். குத்தகை 99 வருடம். வாசலுக்கு வெளியே நடைபாதையில், சுவரை ஒட்டி ஓர் அம்மி. அதன் மேல் கற்றாழைத் தொட்டி.

"கம்பத்துல இருந்து லாரியில வந்தது. உங்க மாமா வேணாம்னாரு, நான்தான் தூக்கிட்டு வந்தேன்" என்றார் அத்தை. கம்பம் என்றால் கம்போங், மலாயில் கிராமம். குடிவந்த முதல் வாரம் விடியற்காலையில் மிளகாய் அரைத்திருக்கிறார். கீழ்வீட்டு மலாய்க்காரம்மா படியேறி வந்துவிட்டார். சண்டைக்குத்தான் என்று அத்தை இடுப்பில் கை வைத்துத் தயாராக நின்றிருக்கிறார். வந்தவர் சொன்னது வேறு: நானும் கல்லைக் கொண்டுவந்திருக்கிறேன், என் கீழே இருப்பவளும் புலம்புகிறாள், எந்த நேரம் அரைப்பது என்று மூன்று பேரும் பேசி வைத்துக்கொள்வோம். காலை ஒன்பதுக்கு மேல் என்று முடிவானது.

இப்போது மிக்சி. நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீயணைப்பு விதி. அம்மி அதற்குள் அடங்குகிறதா என்று மாமா டேப் வைத்து அளந்து பார்த்திருக்கிறார். அடங்குகிறது.

இரண்டாம் நாள், வெள்ளி

ஆர்ச்சர்டில் ரயில் மாறி ஹேவ்லாக் நிலையத்தில் இறங்கினேன். நான் பார்க்க வந்த புக்கிட் ஹோ சுவீயை எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் போட மாட்டார்கள். மேட்டு நிலம், புளோக்குகள், நடுவில் பூங்கா, பக்கத்தில் பியோ கிரசண்ட் சந்தை.

1961 மே 25 அன்று இது முழுக்க அத்தாப்பு வீடுகள், அதாவது ஓலை வேய்ந்தவை. ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை, நல்ல வெயில், பிற்பகல் மூன்றரை வாக்கில் தீப்பிடித்தது. காற்றில் சாலையைத் தாண்டியது. இரவுக்குள் ஏறக்குறைய 16,000 பேருக்கு வீடில்லை. இறந்தவர்கள் 4 பேர். அவ்வளவு நெருக்கமான இடத்தில் நாலே பேர் என்பதை முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். விடுமுறை, பகல் நேரம், எல்லோரும் விழித்திருந்தார்கள். நம் ஊரில் குடிசைத் தீ பெரும்பாலும் இரவில் வந்து பார்த்த எனக்கு அந்த வித்தியாசம் புரிந்தது.

வீவக அமைந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. 1960 பிப்ரவரியில்தான் தொடங்கியது. அப்போது மக்கள்தொகையில் நூற்றுக்கு 9 பேர்தான் பொது வீடுகளில் இருந்தார்கள். இன்று அது 80-ஐ ஒட்டி நிற்கிறது. வீடிழந்தவர்களைப் பள்ளிக்கூடங்களில் தங்கவைத்தார்கள், அப்புறம் பக்கத்திலேயே கட்டி முடியும் நிலையில் இருந்த வீடுகளுக்கு அனுப்பினார்கள். எரிந்த நிலத்திலேயே அவசர வீடுகள் எழும்பின. ஒரே அறை, மாத வாடகை 20 வெள்ளி, அதாவது டாலர். அழகெல்லாம் கிடையாது. இன்று நிற்பவை பெரும்பாலும் பின்னால் வந்த கட்டடங்கள்.

சந்தையில் தே தாரிக் என்னும் பால் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் தமிழ்ப் பேச்சுக் குரல். எழுபதைத் தாண்டிய அம்மா, மீன் பையோடு. எந்த ஊரும்மா என்று அவரே ஆரம்பித்தார். எழுபதுகளில் கல்யாணமாகி இங்கே வந்தவர், தீயைப் பார்க்கவில்லை. பார்த்தது பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி.

"அவங்க சொல்வாங்க, முன்ன கீழ இருந்தோம், இப்ப அதே எடத்துல மேல இருக்கோம்னு. சன்னல்ல நின்னு காட்டுவாங்க. அந்தா அந்த மரம், அங்கதான் எங்க பன்னிக் கொட்டாய் இருந்துச்சுன்னு."

"யார் கொளுத்தினதுன்னு எதுவும் சொல்வாங்களா?"

அம்மா சிரித்துவிட்டார். "நீயும் கேட்டுட்டியா?"

அரசாங்கமே கொளுத்திவிட்டது என்ற வதந்தி இந்தப் பகுதியில் பல வருடம் ஓடியது. ஆதாரம் எதுவும் வந்ததில்லை. ஆனால் எந்த ஊரில் குடிசை எரிந்தாலும் எரிந்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். காலி செய்யச் சொன்ன நிலத்தில் தீ வந்தால் "தானா எரிஞ்சுதா?" என்ற கேள்வியும் கூடவே வரும். எனக்கு அந்தக் கேள்வி பழக்கப்பட்ட குரலாகக் கேட்டது.

மதியம் மேக்ஸ்வெல் சாலையில் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் காட்சிக்கூடம். நகரத்தின் மையப் பகுதி முழுவதையும் சின்னச் சின்ன மரக்கட்டைக் கட்டடங்களாகப் பரப்பி வைத்திருக்கிறார்கள். ஏதோ ஒரு நாட்டிலிருந்து வந்த அதிகாரிகள் குழு. கழுத்தில் அட்டை, கையில் செல்போன். உயரமான கோபுரங்களையே படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். பாவம், படமெடுக்க வேண்டியது கோபுரமே இல்லை. 1966-ல் வந்த நில எடுப்புச் சட்டம்தான் இதன் அஸ்திவாரம். 1960-ல் தீவின் நிலத்தில் 44 விழுக்காடு அரசிடம் இருந்தது, 1985-ல் 76. எடுத்த நிலத்துக்குச் சந்தை விலைக்குக் கீழேதான் கொடுத்தார்கள். முழுச் சந்தை விலை என்று சட்டத்தைத் திருத்தியது 2007-ல். நிலம் வைத்திருந்தவர்கள் இழந்தார்கள், அதை யாரும் மறைக்கவும் இல்லை.

ஆனால் இதைச் சொல்லி "எங்களால் முடியாது, எங்களிடம் நிலம் இல்லை" என்று நம் ஆட்கள் கை விரிக்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சென்னையில் குடிசைகள் இருந்த இடங்களில் பாதிக்கு மேல் நான் பார்த்தது புறம்போக்கு. அதில் வெள்ளம் வரும் கரைகள் உண்டு, அங்கே கட்டு என்று சொல்ல மாட்டேன். வெள்ளம் வராத இடங்களும் இருந்தன. இன்னொன்று, இந்த வித்தையை நாம் சிங்கப்பூரிடம் கற்க வேண்டியதே இல்லை. குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கி, 71-ல் சட்டம் வந்து, முதல் பத்து வருடம் செய்தது அதைத்தான்: குடிசை இருந்த இடத்திலேயே நாலடுக்குக் கட்டடம். நொச்சிக்குப்பத்தில் கடலைப் பார்த்துக்கொண்டே மாடிக்குப் போனார்கள். பக்கத்தில் படகு, பக்கத்தில் மீன் விற்கும் தெரு. அப்புறம் 2000 வாக்கில் புறநகரில் கண்ணகி நகர், பிறகு பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம் கரைக் குடும்பங்களை வண்டி ஏற்றி அனுப்பியது 25 கிலோமீட்டருக்கு. வீடு என்னவோ கான்கிரீட்தான்.

கால் வலி. தூங்கப் போகிறேன்.

மூன்றாம் நாள், சனி

வளைகாப்பு. எழுத நேரமில்லை, கை முழுக்க மருதாணி.

ஒன்று மட்டும். கீழ்த்தளம் எனப்படும் வாய்ட் டெக்கில் பந்தி. கட்டடம் தூண்களில் நிற்கிறது, அடியில் வீடுகள் இல்லை, காற்று வருகிறது. ஒரு பக்கம் சாப்பாடு, மறுபக்கம் இரண்டு சீனத் தாத்தாக்கள் சதுரங்கம். சத்தத்தைப் பற்றிக் கவலையே படவில்லை. மலாய்க்காரம்மா, அதே கீழ்வீட்டுக்காரர், வந்து வளையல் போட்டுவிட்டுப் போனார். ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனம் எவ்வளவு இருக்கலாம் என்று 1989 முதல் வரம்பு இருக்கிறது. வீட்டை விற்கும்போது வாங்குகிறவரின் இனம் வரம்பைத் தாண்டினால் விற்க முடியாது. மாமாவின் நண்பர் ஒருவர் இதனால் நல்ல விலையை விட்டிருக்கிறார், பந்தியிலேயே இதைச் சொல்லி இன்னொரு வடை கேட்டார்.

நான்காம் நாள், ஞாயிறு

தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்குப் போகாதே என்று அத்தை சொன்னதைக் கேட்டிருக்கலாம். தோசைக்கு வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற தம்பி அறந்தாங்கிப் பக்கம். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. என் வாழ்க்கையில் பாதி லிஃப்டைப் பற்றிய புகார் எழுதுவதிலேயே போகிறது என்றதும் அவருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது.

தோசை வரும்வரை பாடம் நடத்தினார். பழைய புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்று, ஐந்து, ஒன்பது என்று நிற்கும். மூன்றாம் மாடிக்காரர் ஐந்தில் இறங்கி இரண்டு மாடி படியில் வர வேண்டும். செலவு மிச்சம். முதுமை வந்தபோதுதான் அந்தச் சிக்கனத்தின் விலை தெரிந்தது; 2001-லிருந்து லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒவ்வொரு மாடியிலும் நிற்கும்படி மாற்றினார்கள். சில இடங்களில் கட்டடத்துக்கு வெளியே புதுக் கோபுரமே ஒட்டவைத்தார்கள். "நல்லா உத்துப் பாத்தா ஒட்டு தெரியும்கா. சுவரு கலரு கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்."

ஆக இவர்களும் முதலில் தப்பாகத்தான் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அது என்னமோ நிம்மதியாக இருந்தது.

"லிஃப்ட் நின்னா எவ்வளவு நேரத்துல வருவீங்க?"

"உள்ள ஆள் மாட்டிக்கிட்டா உடனே ஓடணும்கா, ராத்திரி ரெண்டு மணின்னாலும்." தோசை வந்துவிட்டது. பராமரிப்புக்கு மாதாமாதம் ஒவ்வொரு வீடும் நகர மன்றத்துக்குக் கட்டணம் கட்டுகிறது. மாமா வீட்டுச் சமையலறையில் அந்த ரசீதைக் காந்தம் வைத்து ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். நான் வேலை பார்க்கும் ஓர் எட்டு மாடிக் குடியிருப்பில் போன வருடம் லிஃப்ட் நின்று 19 நாள். ஆறாவது மாடியில் நிறைமாதக் கர்ப்பிணி. நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி இறக்கினோம். பராமரிப்புக் கட்டணம் கட்டவில்லை என்று எங்கள் பெண்கள் மேல் பழி. இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போவதற்கே சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போகிறவளிடம் எதை வைத்துக் கட்டணம் கேட்பது? மறுபடி தூரத்தில்தான் வந்து நிற்கிறது பேச்சு.

அந்தத் தம்பி தங்கியிருப்பது துவாஸ் பக்கம் விடுதி. அறைக்கு எத்தனை பேர் என்று கேட்டேன். "அது எதுக்குக்கா, சாப்பிடுங்க" என்றார்.

ஐந்தாம் நாள், திங்கள்

இன்று மாமாவும் வந்தார். லோரோங் புவாங்கோக், சிங்கப்பூரின் முக்கியத் தீவில் மிஞ்சியிருக்கும் கடைசிக் கம்பம். பஸ் மாறிப் போனோம். ஒரு பக்கம் சொகுசு வீடுகள், மறுபக்கம் அடுக்குமாடிகள், நடுவில் மண்பாதை. தகரக் கூரை போட்ட வீடுகள் 25 சொச்சம், ஒரு சுராவ் (சிறு தொழுகைக்கூடம்), சேவல் கூவுகிறது, மின்கம்பி தலைக்கு மேல் தொங்குகிறது. சிங்கப்பூரில் நாலு நாளாகத் தொங்கும் கம்பியே கண்ணில் படவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாடகை சில வெள்ளிகளில் தொடங்குகிறது. நிலம் ஒரு குடும்பத்துடையது. அரசின் திட்ட வரைபடத்தில் இந்த இடத்துக்குச் சாலையும் பள்ளிகளும் குறித்திருக்கிறது, எப்போது என்றுதான் இல்லை.

ஊர்க்காரர்கள் இதற்கு வைத்த பட்டப்பெயர் கம்போங் செலாக் கைன். கைலியைத் தூக்கிக் கட்டும் கம்பம் என்று அர்த்தம். மழை பெய்தால் அவ்வளவு தண்ணீர். மாமாவுக்கு இந்தப் பெயரைச் சொன்னதும் சிரிப்பு அடங்கவில்லை. "எங்க கம்பத்துக்கும் இதே பேருதான் வச்சிருக்கணும்."

இதே கம்போங் என்ற சொல் ஜகார்த்தாவிலும் உண்டு. அங்கே 1969-ல் வேறு வழியைப் பிடித்தார்கள். வீட்டைத் தொடவே இல்லை. நடைபாதை, வடிகால், குடிநீர் மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். பாதையும் சாக்கடையும் வந்ததும் மக்கள் தங்கள் கையிருப்புக்குத் தகுந்தபடி ஒரு சுவர், ஒரு மாடி என்று தாங்களே கட்டிக்கொண்டார்கள். சுரபாயா இதை இன்னும் நன்றாகச் செய்து 1986-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது வாங்கியது. இந்த 25 வீட்டைப் பார்த்தால் அந்த வழியும் தோதாகத்தான் படுகிறது. ஆனால் இடமே இல்லாத இந்தத் தீவில் எல்லோருக்கும் அப்படிச் செய்திருக்க முடியுமா என்றால், முடியாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

திரும்பும் வழியில்தான் மாமா தன் கதைக்கு வந்தார். தாத்தா பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து செம்பவாங் கடற்படைத் தளத்துக்கு வேலைக்கு வந்தவர். 1971-ல் பிரிட்டிஷ்காரர்கள் போனதும் கிடைத்த பணத்தோடு தாத்தாவும் பாட்டியும் என் அம்மாவும் ஊர் திரும்பினார்கள். மாமா இங்கேயே நின்றுவிட்டார், கப்பல் பட்டறையில் வேலை. சோங் பாங் கிராமத்தில் அத்தாப்பு வீடு, ஆறு ஆடு, இரண்டு தென்னை, ஒரு ரம்புத்தான். 1985-ல் நட்டஈடு கணக்கெடுக்க ஆபீசர் வந்தார்.

"எல்லாத்தையும் எண்ணுவான். தென்னைக்கு இவ்வளவு, ரம்புத்தானுக்கு இவ்வளவு. உங்க அத்தை முதல் நாள் ராத்திரியே மூணு வாழக்கன்ன புதுசா நட்டு வச்சிட்டா."

"கணக்குல சேர்த்தாங்களா?"

"அந்த ஆபீசர் ஒரு தமிழ்ப் பையன். மண்ணைப் பாத்தான், அத்தையப் பாத்தான். மூணையும் எழுதிக்கிட்டான்."

ஆட்டை விற்றார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் மாமா வெளியே பார்த்தார். அத்தை ஒரு மாதம் ஏழாவது மாடியில் தூங்கவில்லையாம். கதவைச் சாத்தினால் ஒரு சத்தமும் கேட்காததால். இந்த இடம்பெயர்வைச் சந்தோஷமாக மட்டும் எழுதி வைத்திருக்கிற அருங்காட்சியகப் பலகைகளில் இதற்கு இடமில்லை. தோ பாயோவில் அறுபதுகளில் மக்கள் எதிர்த்து நின்றதற்கும் அதிகம் இடமில்லை.

இருந்தாலும் மாமா புது வீட்டுக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்று குடைந்தேன். குழாயில் தண்ணீர், சேமநிதியில் கழியும் தவணை, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று வரிசையாகச் சொன்னார். அதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். அப்புறம் போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

"பட்டறைக்கு முன்ன சைக்கிள்ல பத்து நிமிஷம். ஈசூன் வந்தப்புறம் இருபது நிமிஷம். அதே சைக்கிள்தான்."

அதே வேலை, அதே கூட்டாளிகள். சோங் பாங் பெயரையே ஈசூனில் ஒரு சந்தைப் பக்கத்துக்கு வைத்துவிட்டார்கள். தளத்துத் தொழிலாளர்கள் கேன்பரா சாலைப் பக்கம் மரத்தடியில் கும்பிட்ட முருகனும் தொண்ணூறுகளில் ஈசூனுக்கே வந்துவிட்டார்: புனிதமரம் பாலசுப்பிரமணியர். "நாங்க மொதல்ல வந்தோம், அவரு பின்னாடி வந்தாரு" என்றார் மாமா. பங்குனி உத்திரத்துக்கு இன்னமும் பழைய கம்பத்து ஆட்கள் தீவின் எல்லா மூலையிலிருந்தும் அங்கே கூடுகிறார்கள்.

பஸ் செம்பவாங் சாலையில் போகும்போது கையைத் தூக்கி, "இங்கதான்" என்றார். எனக்குத் தெரிந்தது மரங்கள் மட்டும்.

ஆறாம் நாள், செவ்வாய்

காலை எட்டு மணி. பெட்டி கட்டியாயிற்று. அத்தை சம்பல் பாட்டிலை நாலு பிளாஸ்டிக் பையில் சுற்றியிருக்கிறார், எடை கூடிவிடுமோ என்று பயம்.

பெரும்பாக்கத்திலிருந்து ஓர் அக்கா நேற்று இரவு குரல் செய்தி போட்டிருந்தார். கூவம் கரையில் இருந்தபோது எழும்பூரில் மூன்று வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். இப்போது ஒரு வீடுதான் மிச்சம், அதற்கும் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் உண்டு. நான் அனுப்பிய புளோக் படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "சூப்பரா இருக்கு. ஆனா அங்க இருந்து வேலைக்கு எவ்ளோ தூரம்னு கேட்டியா?"

மாமாவிடம் போனை நீட்டினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ வானொலிப் பேட்டி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, சைக்கிள் கதையை முதலிலிருந்து சொன்னார். பத்து நிமிஷம், இருபது நிமிஷம், ரம்புத்தான் மரம், வாழைக்கன்று, எல்லாம். மூன்றரை நிமிடம். அனுப்பிவிட்டேன்.

போய்ச் சேர்ந்ததற்கு இரண்டு சாம்பல் டிக் வந்தது. நீலமாகவில்லை. அங்கே மணி ஐந்தரை. பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பார், அந்தக் கூட்டத்தில் போனை எடுக்க முடியாது.